பச்சை பேட்டரி ஜெயித்த கதை

மலை ஊர்களுக்குப் பை தூக்கிக்கொண்டு போகும் நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு உபயோகமாக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். ஊசி போடுவதும் கட்டுப் போடுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அதனால் நான் பேட்டரியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காதீர்கள். அதோடு என் பொறாமையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்தப் பேட்டரிக் கதையைச் சொன்னால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி ஆகிவிடும்.

அப்போது எங்கள் ஆஸ்பத்திரியில் கிராமங்களுக்குப் போகும் நர்ஸுகள் ஆறு பேர். ஆளுக்கொரு பை. அதில் பி.பி. மெஷின், டார்ச், இன்னும் சில்லறைச் சாமான்கள். பி.பி. மெஷினுக்கு நாலு பென்சில் பேட்டரி, டார்ச்சுக்கு இரண்டு. தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற பேட்டரிதான் வாங்கிக்கொண்டிருந்தோம். மாதா மாதம் குப்பைக் கூடையில் ஒரு குவியல் சேரும். அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்த எங்கள் மேட்ரன், இனிமேல் சார்ஜ் ஏற்றுகிற பேட்டரிதான் என்று முடிவு செய்தார்.

கடையில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்று பச்சை உறை போட்டது. எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கு உறையில் 2800 என்று பெரிதாக அச்சடித்திருந்தது, விலையும் அதிகம். இன்னொன்று வெள்ளை உறை. அதில் 2000 என்றுதான் போட்டிருந்தது, விலையும் கொஞ்சம் குறைவு. மேட்ரன் என்னையும் ஸ்டெல்லாவையும் கூப்பிட்டார். பச்சையை என்னிடம் கொடுத்தார், வெள்ளையை அவளிடம் கொடுத்தார்.

"ரெண்டு பேரும் மூணு மாசம் வெச்சுப் பாருங்க. எது நமக்கு ஒத்து வருதுன்னு நோட்டுல எழுதுங்க. நல்லா இருக்கறத ஆறு பேருக்கும் வாங்கிடலாம்" என்றார்.

ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவரின் மகள். நான் வாழவந்தி என்ற ஊருக்குப் போகப் பஸ்ஸுக்குக் காத்து நின்று கால் கடுத்துப் போகும்போது, அவள் ஸ்கூட்டரில் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருப்பாள். அதுகூடப் பரவாயில்லை. நான் பதினைந்து வருடம் நடந்து நடந்து பழகிய ஊர்களில், வீட்டு வாசலில் என்னைப் பார்த்ததும், "ஏனுங்க, இன்னைக்கு ஸ்டெல்லா சிஸ்டரு வரலீங்களா?" என்று கேட்பார்கள். ஒன்றும் இல்லாத கேள்விதான். ஆனால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. அவள் ஊசி போட்டால் குழந்தை அழாது, நான் போட்டால் அழும். குழந்தைக்குக்கூட என்னைக் கண்டால் ஆகாது என்று நான் நம்பிய காலம் அது. வயிறு எரிகிறது என்று சும்மா சொல்வதில்லை பிள்ளைகளே, நிஜமாகவே அங்கேதான் எரியும்.

இப்போது பேட்டரிக்கு வருகிறேன். ஸ்டெல்லா சார்ஜ் ஏற்றிய அன்றே கட்டுப் போடும் பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, தேதி எழுதிப் பேட்டரி மேல் ஒட்டிவிடுவாள். நான் எல்லார் முன்னாலும், "ஏன் ஸ்டெல்லா, பேட்டரிக்கும் காயமா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

என் பச்சை பேட்டரி முதல் இரண்டு வாரம் ராஜா மாதிரி வேலை செய்தது. ஒரு தடவை ஏற்றினால் எத்தனை பேருக்குப் பி.பி. பார்த்தாலும் சளைக்கவில்லை. பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஏற்றிய உடனே உபயோகித்தால் அது சூரன். ஏற்றிவிட்டுப் பையில் போட்டு வைத்தால், ஒன்றும் செய்யாமலே தானாக வடிந்துவிடும். பத்து நாளில் பாதி போய்விடும், மூன்று வாரத்தில் செத்துக் கிடக்கும். ஸ்டெல்லாவின் வெள்ளை அப்படி இல்லை. அதன் எண் சின்னது, ஆனால் ஏற்றியதை அப்படியே வைத்திருந்தது. அவள் நோட்டை ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். "முப்பத்தி மூன்று நாள் பையில் கிடந்தது. எடுத்ததும் ஓடியது" என்று எழுதியிருந்தாள்.

யோசித்துப் பாருங்கள். நம் பையில் இருக்கும் இரண்டாவது செட் பேட்டரி வாரக்கணக்கில் சும்மாதான் கிடக்கும். ஆபத்துக்கு எடுக்கும்போது அது உயிரோடு இருக்க வேண்டும். நமக்கு வேண்டியது வெள்ளைதான். இது எனக்கு இரண்டாவது மாதமே தெரிந்துவிட்டது. என் நோட்டில் எழுதினேனா? இல்லை. தினமும் சாயந்திரம் வீட்டில் திருட்டுத்தனமாகச் சார்ஜ் ஏற்றினேன். நோட்டில், "ஒரு குறையும் இல்லை" என்று எழுதினேன்.

மூன்று மாதம் முடிந்து மேட்ரன் கூப்பிட்டபோது நானே முந்திக்கொண்டேன். "எழுதினத மட்டும் பாத்தா எப்படிங்க மேடம்? ஒரே மாதிரி ரெண்டு டார்ச் எடுத்துக்கலாம். நேத்து ஏத்துன பேட்டரியப் போட்டு, ரெண்டையும் ஒண்ணா எரிய வுடலாம். எது ரொம்ப நேரம் எரியுதோ அதை வாங்கலாமுங்க" என்றேன்.

கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். மேட்ரனுக்கும் பிடித்துப்போனது. காலையில் அவர் மேஜை மேல் இரண்டு டார்ச்சையும் எரிய விட்டோம். மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தோம், எரிந்தன. மூன்று மணிக்கு வெள்ளை மங்கியது. பச்சை, டீ வந்து போன பிறகும் எரிந்துகொண்டிருந்தது. மற்ற நர்ஸுகள் கைதட்டினார்கள். கல்யாண வீட்டில் மாலை விழுந்தது போல எனக்குத் தோள் கனத்தது.

ஸ்டெல்லா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, நாம டார்ச்ச எரிய வுட்டுக்கிட்டா ஊருக்குப் போறோம்? பையில சும்மா கெடக்கறதுதானுங்களே நம்ம பேட்டரியோட வேல."

"தோத்தவங்களுக்குப் பேச்சு ரொம்ப வரும் ஸ்டெல்லா" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியையும் சேர்த்துச் சொன்னேன். ஆறு பேருக்கும் பச்சை வாங்கினார்கள். ஸ்டெல்லா மட்டும் தன் வெள்ளையையும் பையில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சில மாதம் போனது. மழைக்காலம் வந்தது. என் தங்கை மகள் கல்யாணத்துக்காக மூன்று வாரம் லீவில் போனேன். என் ஊர்களை ஸ்டெல்லா பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்த முதல் நாளே கரடியூருக்குப் போக வேண்டியிருந்தது. லைன் மேல் மரம் விழுந்து இரண்டு நாளாக மலை முழுக்கக் கரண்ட் இல்லை. பையில் இருந்த இரண்டு செட்டும் லீவுக்கு முன்னால் ஏற்றியவை. பச்சை மூன்று வாரம் தாங்காது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், ஒன்று நான், இன்னொன்று ஸ்டெல்லா. தெரிந்தும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கையால் பம்ப் அடிக்கிற பழைய பி.பி. மெஷின் ஒன்று அலமாரியில் இருந்தது. கனமாக இருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டேன்.

கரடியூரில் செல்வி என்று ஒரு பெண். எட்டு மாதம், தலைப் பிரசவம். கணவன் மாதையன், காப்பி எஸ்டேட்டில் வேலை. நான் போனபோது மத்தியானம் இரண்டு மணி, மழை ஊற்றிக்கொண்டிருந்தது, பத்தடி தள்ளி இருப்பது தெரியாதபடி மஞ்சு மூட்டம். செல்வி சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. கால் மேல் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"காலையில இருந்து மண்ட பொளக்குதுங்க சிஸ்டரு. கண்ணு வேற மங்கலா தெரியுது" என்றாள்.

நர்ஸ் படித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பி.பி. ஏறியிருக்கிறது, வலிப்பு வரலாம், தாயும் போகலாம் பிள்ளையும் போகலாம். உடனே மலை இறங்கிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சொன்னேன். செல்வியின் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை.

"போன வாரம் ஸ்டெல்லா சிஸ்டரு பாத்தப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. மழ இப்புடி ஊத்துது. மொதல்ல எவ்வளவு இருக்குதுன்னு மெஷின வெச்சுச் சொல்லுங்க. சாஸ்தியா இருந்தா இப்பவே போலாமுங்க. தலவலிக்கெல்லாம் மல எறங்க முடியுங்களா?"

மெஷினைக் கையில் கட்டினேன். விளக்கு வந்தது. பம்ப் உர்ரென்று இரண்டு மூச்சு இழுத்தது. அணைந்தது. இரண்டாவது செட்டைப் போட்டேன். அதற்கு விளக்கே வரவில்லை.

பிறகு நான் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், வெட்கத்தைப் பார்த்தால் ஆகாது. பேட்டரியை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். ஒன்றோடு ஒன்றைத் தட்டினேன். அக்குளில் வைத்துச் சூடு ஏற்றினேன். இடம் மாற்றி மாற்றிப் போட்டேன். ஊரில் இருந்த ஒரே பெட்டிக்கடை மழைக்குப் பூட்டியிருந்தது. மாதையன் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதில் இருந்த பேட்டரியைக் கொடுத்தான். பக்கத்து வீட்டுக் கடிகாரத்தில் இருந்து ஒன்று, டி.வி. ரிமோட்டில் இருந்து இரண்டு. நாலும் நாலு வயது. ஒன்று நன்றாக இருந்தாலும் மற்ற மூன்றும் அதை இழுத்துக்கொண்டுதான் சாகும். இரண்டு வீட்டுக் கடிகாரமும் நின்றதுதான் மிச்சம், மெஷின் ஓடவில்லை.

இதற்கு நடுவே போனை எடுத்தேன். அன்று ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து ஊரில்தான் வேலை. ஸ்கூட்டரில் வந்தால் இருபது நிமிடம். பெயரைத் தேடி எடுத்தேன். அவள் வந்து, அந்த வெள்ளையைப் போட்டு, என் ஊரில், என் பேஷண்ட் வீட்டில், இந்த மாமியார் முன்னாலேயே மெஷின் ஓடப் போகிறது என்று நினைத்தேன். போனை வைத்துவிட்டேன். மறுபடி பேட்டரியைத் தேய்த்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன். அப்படி மூன்று தடவை. செல்வி முனகிக்கொண்டிருந்தாள். நான் மெஷினோடு போராடுகிறேன் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம் போனது.

செல்வி வாந்தி எடுத்த பிறகுதான் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் ஸ்டெல்லா கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்குச் சொல்லிட்டீங்களா அக்கா?"

"இன்னும் இல்ல. எண்ணு தெரியாம இவங்க வர மாட்டேங்கறாங்க."

"மெஷினு கெடக்கட்டுமுங்க. மொதல்ல ஜீப்ப வரச் சொல்லுங்க. வண்டி வாசல்ல வந்து நின்னா பாதி மனசு மாறிடும். நான் கெளம்பிட்டேன்."

முப்பது வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு வண்டி ஞாபகம் வரவில்லை. அவள் சொல்லித்தான் வந்தது. அந்த நிலையிலும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எப்போதும் இவளுக்கே ஏன் சரியாகத் தோன்றுகிறது என்று கோபம்.

நனைந்துகொண்டே வந்தாள். பையில் இருந்து வெள்ளை பேட்டரி நாலை எடுத்தாள். பிளாஸ்திரியில் இருந்த தேதி ஐந்து வாரத்துக்கு முந்தியது. என் மெஷினிலேயே போட்டாள். பம்ப் ஓட ஆரம்பித்தது.

இனி சொல்லப் போவதை இதுவரை யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது, இதுவும் பாதியில் நிற்க வேண்டும் என்று என் மனது வேண்டிக்கொண்டது. எதிரே ஒரு பிள்ளைத்தாய்ச்சி கண் சொருகிக் கிடக்கிறாள். நான் அவள் கையைத்தான் பிடித்திருக்கிறேன். இருந்தும் அந்த ஒரு நொடி, அவள் பிழைப்பதைவிட ஸ்டெல்லா தோற்பது எனக்குப் பெரிதாக இருந்தது.

நிற்கவில்லை. நூற்றி எழுபது, நூற்றிப் பத்து. ஸ்டெல்லா மெஷினை என் பக்கம் திருப்பினாள். "நீங்களே சொல்லுங்க அக்கா. உங்க ஊரு" என்றாள். அவள் என் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான் சொன்னேன். மாமியார் உடனே துணியை எடுத்து வைத்தாள். ஜீப்பும் வந்தது. நான் கூடப் போனேன். மலைப் பாதையில் பாதி வளைவு இறங்குவதற்குள் செல்விக்கு வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நாக்கு கடிபடாமல் பார்த்து, மாதையனை அழாதே என்று அதட்டி, எப்படியோ சேலம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அங்கே டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ஏன் இவ்வளவு லேட்?" என்று மட்டும் கேட்டார்.

"மழைங்க டாக்டர்" என்றேன்.

ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான் இருந்தது. பல நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. செல்விக்கு இரண்டு நாள் பார்வை சரியாக இல்லை, பிறகு திரும்பியது. இரண்டு பேரும் பிழைத்தார்கள். என் நல்ல நேரம் என்று சொல்லலாம், அவர்கள் நல்ல நேரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அடுத்த மாத மீட்டிங்கில் மேட்ரன் என்னைப் பாராட்டினார். மழையில் மலை இறக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தேனாம். ஸ்டெல்லாவும் கைதட்டினாள். நான் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். பிறகு மேட்ரன் ஒரு காகிதத்தை எடுத்து, "புது நர்ஸ் ரெண்டு பேர் வர்றாங்க. இன்னும் நாலு செட் பச்சை பேட்டரிக்கு எழுதிடட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஸ்டெல்லா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்ல மாட்டாள், எனக்குத் தெரியும். அந்த இரண்டு புதுப் பெண்களும் செத்த பேட்டரியோடு எந்த ஊர் வாசலில் போய் நிற்பார்களோ என்று நினைத்தபோது எழுந்து நின்றுவிட்டேன்.

"வேண்டாமுங்க மேடம். கரடியூர்ல பச்சை ரெண்டு செட்டும் செத்துப்போச்சு. ஸ்டெல்லா வெள்ளையக் கொண்டாந்துதான் பி.பி. பாத்தோம். பச்சை தானா எறங்கிடும்னு எனக்கு ரெண்டாவது மாசமே தெரியும்."

"அப்ப அந்த டார்ச் டெஸ்ட்டு?"

"அதுல பச்சை ஜெயிக்கும்னு தெரிஞ்சுதானுங்க கேட்டேன்."

மேட்ரன் என் நோட்டை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். இனிமேல் எந்தச் சாமான் வாங்குவதென்றாலும் சோதனை பார்ப்பது ஸ்டெல்லாதான் என்றார். எனக்கு ஒரு மெமோ வந்தது. மெமோ சுடவில்லை. சோதனை ஸ்டெல்லாவுக்குப் போனதுதான் சுட்டது. இன்றைக்கும் நினைத்தால் லேசாகச் சுடுகிறது. திருந்திவிட்டேன் என்று பொய் சொல்லி உங்களிடம் நல்ல பெயர் வாங்க விரும்பவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். உறையில் இருக்கும் எண்ணைப் பார்த்துப் பேட்டரி வாங்காதீர்கள், உங்கள் பையில் அது எப்படிக் கிடக்கப் போகிறதோ அப்படியே கிடத்திச் சோதித்துப் பாருங்கள். பழசையும் புதுசையும் கலக்காதீர்கள். தேதி ஒட்டுங்கள். கையால் அடிக்கிற மெஷின் கனமாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு போங்கள். எண் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிவதை நம்பி வண்டியைக் கூப்பிடுங்கள். பொறாமை வந்தால் வரட்டும், அது சளி மாதிரி எல்லாருக்கும் வரும். ஆனால் யாரைக் கண்டால் வயிறு எரிகிறதோ, நெருக்கடியில் கூப்பிட வேண்டிய ஆள் பெரும்பாலும் அவளாகத்தான் இருப்பாள்.

செய்த தப்பை மேட்ரனிடம் சொன்னேன், ஸ்டெல்லாவிடமும் பிறகு தனியாகச் சொன்னேன். சொல்ல வேண்டிய ஆளிடம் மட்டும் சொல்லாமல் இருந்தேன். ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் கரடியூருக்குப் போனேன். செல்வி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பாய் எடுத்துப் போட்டாள். "காப்பி வெக்கறேன், உக்காருங்க சிஸ்டரு" என்றாள். நான் இழுத்து இழுத்து ஆரம்பித்தேன், அன்னைக்கு இன்னும் சீக்கிரமா கூட்டிட்டுப் போயிருக்கலாம் கண்ணு என்று.

"அதுக்கு நீங்க என்னங்க பண்ணுவீங்க? நான் படுத்துக்கிட்டுப் பாத்துட்டுத்தானே இருந்தேன். போனை எடுக்கறதும் வெக்கறதுமா எத்தன தடவ பண்ணுனீங்க. கண்ணு மங்கலா இருந்தாலும் அது தெரிஞ்சுதுங்க. பாவம், டவர் கெடைக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"டவர் முழுசா இருந்துச்சு கண்ணு" என்றேன்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் பஸ் வரும் வரை அந்தப் பாயில் உட்கார்ந்திருந்தேன். காப்பி வரவில்லை.